மே மாதத்துக் கடைசி ஞாயிறு

வேகா லார்காவுக்கு அரசாங்கம் நீண்டகாலத் திட்டம் கொண்டுவருவது அது ஏழாவது தடவை. முதல் திட்டம் வந்த வருஷம் எடில்மா பொதேயோவுக்கு ஒரு நரைமுடிகூடக் கிடையாது. ஒவ்வொன்றும் பத்து வருஷத்துக்கு என்று சொல்லிக்கொண்டுதான் வரும். எதுவும் இரண்டு மழைக்காலத்தைத் தாண்டியதில்லை. ஒரு திட்டத்தில் ஆற்றங்கரை நெடுக முள்கம்பி போட்டார்கள். அந்தக் கம்பி இப்போது ஊரில் பாதிப் பேருடைய கோழிக்கூட்டைச் சுற்றி இருக்கிறது. இன்னொன்றில் கொக்கோ கன்று கொடுத்தார்கள். காய்த்தபோது வாங்க ஆளில்லை. அதற்கடுத்து, கேமரா வைத்த ஒரு குட்டி விமானத்தை வானத்தில் பறக்கவிட்டார்கள். அது நான்கு நாள் ஊர்ப் பெண்கள் துணி துவைப்பதைப் படம் எடுத்துவிட்டு, மாமரத்தில் சிக்கிச் செத்துப்போனது. மறுகரைக்காரர்கள் மட்டும் எப்போதும்போல வந்தார்கள், எப்போதும்போலப் போனார்கள்.

மறுகரை என்றால் வெனிசுலா. ஆறு அந்த இடத்தில் ஒரு கல்லெறி தூரம்தான். இந்தப் பக்கம் கொலம்பியப் பட்டாளம். அந்தப் பக்கம், கரும்புக்காட்டுக்குப் பின்னால், கிளர்ச்சிக்காரர்களின் முகாம். அவர்கள் இங்கே வந்து எண்ணெய்க் குழாயை வெடிக்கவைத்துவிட்டு அங்கே போய்ப் படுத்துக்கொள்வார்கள். பட்டாளம் கரைவரை துரத்திக்கொண்டு வந்து, தண்ணீரைக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுத் திரும்பிப் போகும். ஒரு அடி எடுத்து அந்தப் பக்கம் வைத்தால் அது இன்னொரு நாட்டோடு சண்டை. இப்படியே முப்பது வருஷம் ஓடிவிட்டது. இதில் யாருக்குச் சலிக்கவில்லையோ தெரியாது, எடில்மாவுக்கு எலும்புவரை சலித்துவிட்டது.

அவள் ஊர்க்குழுத் தலைவி. பதினோரு வருஷமாகத் தலைவி. திறமையைப் பார்த்துக் கொடுத்த பதவி என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த நாற்காலியில் உட்காருகிறவரை இந்தப் பக்கம் பட்டாளம் சந்தேகப்படும், அந்தப் பக்கம் கிளர்ச்சிக்காரர்கள் சந்தேகப்படுவார்கள். ஆண்கள் ஆளுக்கொரு முதுகுவலியைச் சொல்லி நழுவிய கூட்டத்தில், கடைசிவரை கையைக் கீழே இறக்காமல் இருந்தவள் அவள்தான். அதுவும் தலையைச் சொறிவதற்குத் தூக்கிய கை என்று அவளுடைய தோழி சொயிலா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

எடில்மாவுக்கு ஒரே பிள்ளை, ஆர்பெய். பத்தொன்பது வயதில் மறுகரைக்குப் போனான். கொண்டுபோனார்களா, தானாகப் போனானா என்று ஆரம்பத்தில் ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. பிறகு ஊரில் இன்னும் எட்டு வீட்டுப் பிள்ளைகள் போனதும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. இப்போது ஆர்பெய்க்கு இருபத்தைந்து. அவனை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதைத் தவிர எடில்மாவுக்கு இந்த உலகத்தில் வேறு எந்தத் திட்டமும் இல்லை, நீண்டகாலமும் இல்லை, குறுகியகாலமும் இல்லை.

ஏழாவது திட்டத்தோடு மார்ச் மாதக் கடைசியில் வந்தவர் மேஜர் உமான்யா. தலைநகர் பொகோத்தாவில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் வெயிலில் இரண்டே நாளில் அவர் மூக்கு உரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டிப் படம் போட்டுக் காட்டினார். ஊர் கொட்டாவி விட்டது. எல்லோரும் கலைந்த பிறகு, பள்ளிக்கூடச் சாவி எடில்மாவிடம் இருந்ததால், அவள் பூட்டுவதற்காக வாசலில் நின்றாள். மேஜர் போகவில்லை.

"அம்மா, நேராவே கேக்கறேன். பத்து வருஷத்துக்கு ஒரு வழி எழுதிக் குடுன்னு மேலிடத்துல சொல்லியிருக்காங்க."

"எழுதுங்க. முன்னாடி வந்தவங்களும் எழுதினாங்க. எல்லாருக்குமே நல்ல கையெழுத்து."

அவர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தாள். சிரித்துவிட்டார். "படிச்சேன். ஆறு திட்டத்தையும் படிச்சேன். ஒரே ஆள் எழுதின மாதிரி இருக்கு. நீங்க எழுதறதா இருந்தா என்ன எழுதுவீங்க?"

பதினோரு வருஷத்தில் அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. எத்தனை வீடு, எத்தனை பேர், யார் வந்தான், யார் போனான் என்று கேட்டிருக்கிறார்கள். நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அவள் வாயை மூடிக்கொண்டு பூட்டைப் பூட்டியிருக்க வேண்டும். ஆனால் மனுஷி பேசிவிட்டாள்.

"அந்தப் பக்கத்து ஆளுங்க, அந்தப் பக்கத்து ஆளுங்கன்னு சொல்றீங்களே, அங்கதான் தப்பே ஆரம்பிக்குது. எல்லாம் இந்தப் பக்கம் பெத்துப் போட்டது. என் பையனும் அங்கதான் இருக்கான், உங்க காகிதத்துல இருக்கும்."

"இருக்கு."

"இருக்குமில்ல? அதுல இல்லாததைச் சொல்றேன். அவன் வருஷத்துல ஒரு நாள் வருவான். அன்னையர் தினத்துக்கு. இவன் மட்டுமில்ல, எல்லா வீட்டுப் பையனும். துப்பாக்கியை அங்கயே வச்சிட்டு, நாய்க்குட்டி மாதிரி பின்பக்கமா நுழைஞ்சு, ஒரு மணி நேரம் உக்காந்து, நான் வைக்கிற மூத்தே சூப்பைக் குடிச்சிட்டு ஓடிருவான். உங்க சாவடியில பைனாகுலர் இருக்கே, அதுக்குப் பயந்துதான் ஓடறான்."

மேஜர் நோட்டை எடுத்தார், ஆனால் திறக்கவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"போன வருஷம் மூணு கிண்ணம் குடிச்சான். அப்புறம் சொல்றான், 'மா, பயமில்லாம சாயங்காலம் வரைக்கும் உக்கார முடிஞ்சா, நான் திரும்பிப் போக மாட்டேன்'னு. வேற ஒண்ணுமில்ல ஐயா. காசு வேண்டாம், கொக்கோ கன்னு வேண்டாம். அந்த ஒரு நாளைக்கு உங்க ஆளுங்க கரையை விட்டு நகரட்டும். முதல் வருஷம் சாயங்காலம்வரை உக்காருவாங்க. ரெண்டாவது வருஷம் ஒருத்தன் தங்கிருவான். தங்கினவனை நீங்க உதைக்கலேன்னு தெரிஞ்சா அடுத்த வருஷம் மூணு பேரு. பத்து வருஷம்னு சொன்னீங்களே, பத்து வருஷத்துல அந்த முகாம்ல கொசுதான் இருக்கும்."

"யாரும் இதைச் சொல்லலையே எங்கிட்ட."

"யாரும் கேக்கலையே."

மேஜர் அப்போதும் எழுதவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு, "பாக்கறேன் அம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

வீட்டுக்கு வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் தான் செய்த காரியம் எடில்மாவுக்கு உறைத்தது. ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் என்றைக்கு, எந்த வழியாக, எப்படி வெறுங்கையோடு வருவார்கள் என்று பட்டாளத்து மேஜரிடம் தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஒரு நல்ல வார்த்தை கேட்டதற்கு இவ்வளவையும் கொட்டிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். சொயிலாவிடம்கூடச் சொல்லவில்லை. ஏப்ரல் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

மே மாதம் இரண்டாவது ஞாயிறு காலை, ஆற்றங்கரை மேட்டிலிருந்த காவல் சாவடி காலியாகக் கிடந்தது. கரையில் ரோந்து இல்லை. பாலத்தடியில் நிற்கும் கவச வண்டியும் இல்லை. கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது.

வேறு ஊராக இருந்தால் ஜனங்கள் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள். வேகா லார்காவில் அப்படி இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் இதேபோல ஒரு காலையில் பட்டாளம் சொல்லாமல் கொள்ளாமல் விலகியது. நான்காம் நாள் மேற்கிலிருந்து வேறு துப்பாக்கிக்காரர்கள் லாரியில் வந்து பதினேழு பேரைச் சுட்டுப்போட்டார்கள். அன்றிலிருந்து சாவடி இருந்தால் எரிச்சல், சாவடி காலியானால் நடுக்கம். காலை எட்டு மணிக்குள் ஊர் கதவைச் சாத்திவிட்டது. பாதிரியார் மணியடித்தார், பூசைக்கு நான்கு பேர் போனார்கள். மாட்டை அவிழ்க்கவில்லை. அடுப்புப் புகைகூட எழவில்லை. எடில்மாவும் மேசையைக் கதவுக்கு அண்டைகொடுத்துவிட்டு, கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, அந்த நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். எதுவும் நடக்கவில்லை. ஆறு மணிக்கு ஜீப் சத்தம் கேட்டது. பட்டாளம் திரும்பி வந்துவிட்டது. அவர்களைப் பார்த்து ஊர் மகிழ்ந்தது வாழ்க்கையிலேயே அன்றைக்கு ஒருமுறைதான்.

மறுநாள் காலை மேஜர் உமான்யா எடில்மாவின் சமையல்கட்டுக்கு வந்தார். ஷேவ் செய்திருக்கவில்லை. காபி கொடுத்தாள், அதைத் தொடவில்லை.

"ஒருத்தன்கூட வரலையே அம்மா."

"யாரு?"

"உங்க பையனுங்க. நாள் முழுக்க அந்தக் குன்றுமேல ஒத்தையா உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு படகுகூட இந்தப் பக்கம் வரலை. இந்த ஒரு நாளை வாங்கறதுக்கு நான் யார் யார் கால்ல விழுந்தேன்னு உங்களுக்குத் தெரியாது. குழாய்க்கு ஏதாவது ஆச்சுன்னா என் பதவி போகட்டும்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்."

எடில்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்த நாளை வாங்கினீங்க?"

"அன்னையர் தினத்தை. நேத்தைய நாளை."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஐயா," என்றாள். "நேத்து அன்னையர் தினம் இல்லை."

"என்ன சொல்றீங்க? எங்கம்மாவுக்கு நேத்து போன் பண்ணிப் பேசினேன்!"

"அது உங்கம்மாவுக்கு. நாடு முழுக்க நேத்துதான். எங்க ஜில்லாவுக்கு மட்டும் மாசக் கடைசி ஞாயிறு. அந்தக் காலத்துல மே மாசத்துல நிலம் நடுங்கி கூகுத்தா பட்டணமே தரைமட்டமாச்சு. மே எங்களுக்கு துக்க மாசம். அதனால அன்னையர் தினத்தைக் கடைசிக்குத் தள்ளி வச்சிருக்கோம். நூத்தம்பது வருஷம் ஆச்சு, எங்க துக்கம் இன்னும் முடியலை."

"ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"நாக்கு நுனிக்கே வரலையே! டிவியில ரெண்டாவது ஞாயிறுக்கு விளம்பரம் போடுவான், அது மத்தவங்களோடதுன்னு விட்டுருவோம். உங்க சிப்பாய்ங்க ஒருத்தன்கூட சொல்லலையா?"

"எல்லாரும் கடலோரத்துப் பசங்க. இந்த ஜில்லா ஆளை இந்த ஜில்லாவுல போட மாட்டாங்க. சட்டம்." மேஜர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப்போய்ப் பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தார். எடில்மாவுக்கும் சிரிப்பு வந்தது. கத்தியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள், அவர் இன்னும் சிரித்தார். சிரித்து முடித்தபோது இரண்டு பேருக்குமே உடம்பில் தெம்பில்லை.

"மறுபடி கேளுங்க ஐயா. பதினஞ்சு நாள் கழிச்சு ஒரு நாள். அவ்வளவுதான்."

"எழுதறேன். நடந்தது இதுதான், தேதி தப்பு, சரியான தேதி இதுன்னு உள்ளது உள்ளபடி எழுதறேன்."

வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார். "தப்பு நடந்ததே தவிர, யோசனை தப்பில்லை அம்மா." அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை ஆயுசுக்கும் மன்னிக்கலாம் என்று எடில்மாவுக்குப் பட்டது. அடுத்த பத்து நாள் அவளுக்கு நன்றாகச் சாப்பாடு இறங்கியது. ஆர்பெய்யின் கட்டிலை வெளியே போட்டு வெயிலில் காயவைத்தாள். சனிக்கிழமை ஊறவைக்கக் கொண்டைக்கடலை வாங்கினாள்.

கடைசி ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை மேஜர் மறுபடி வந்தார். ஜீப் இல்லை, சீருடை இல்லை. வாடகை மோட்டார்சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, யாரோ விதை வியாபாரி மாதிரி வந்து இறங்கினார். அவரைப் பார்த்த மாத்திரத்திலேயே எடில்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"படிச்சாங்க," என்றார், நின்றபடியே. "தேதியை மட்டும் படிச்சாங்க."

"அப்படின்னா?"

"விலகச் சொல்லலை. நாப்பது பேரைக் கரை நெடுக ஒளிச்சு வைக்கச் சொல்லியிருக்காங்க. அதுக்குப் பேரு இப்ப நீண்டகாலத் திட்டத்தோட முதல் கட்டம். என்னை மாத்திட்டாங்க. நாளைக்கு பொகோத்தா. மேசை வேலை."

எடில்மா கையிலிருந்த மர அகப்பையைச் சுவரில் வீசினாள். அது அவர் காதோரமாகப் போனது. அவர் நகரவில்லை.

"உங்களை யாருய்யா எழுதச் சொன்னது? பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உள்ளது உள்ளபடி எழுதறேன்னு தேதியைப் போட்டு, வழியைப் போட்டு... என் வாய்க்குத்தான் புத்தியில்லை, படிச்சவன் உன் கைக்குமா புத்தியில்லை?"

"இல்லை," என்றார் உமான்யா. "உங்க பையனுக்கு வராதேன்னு சொல்லி அனுப்புங்க. எல்லாப் பையன்களுக்கும். நான் இங்க வந்ததே குற்றம். தெரிஞ்சா என் உடுப்பைக் கழட்டிருவாங்க. பரவாயில்லை, சொல்லி அனுப்புங்க."

பத்து வருஷத்துக்கு என்று தொடங்கிய காரியம், கடைசியில், ஒரு தாய் தன் பிள்ளையை வீட்டுக்கு வராதே என்று சொல்ல வேண்டும் என்பதில் வந்து நின்றது. திட்டத்தைக் குறித்து இதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

சொயிலாவுக்கு இரண்டு கரையிலும் வியாபாரம். மறுகரைப் பண்ணைகளில் சீஸ் வாங்கி இந்தப் பக்கம் விற்பாள். இங்கிருந்து சோப்பும் மாத்திரையும் அங்கே கொண்டுபோவாள். இரண்டு பக்கத்துத் துப்பாக்கிக்காரர்களும் அவளிடம் சீஸ் தின்றவர்கள், அதனால் யாரும் அவளை நிறுத்துவதில்லை. எடில்மா விஷயத்தைச் சொன்னபோது வழக்கமான கிண்டல் ஒன்றும் அவள் வாயில் வரவில்லை.

"என்ன சொல்லட்டும் அக்கா?"

"வராதேன்னு சொல்லு."

"அவ்வளவுதானா?"

"வேற என்னத்தைச் சொல்றது? அம்மா வராதேன்னு சொன்னான்னு சொல்லு."

சனிக்கிழமை படகுக்காரன் மூலம் எட்டு வீட்டுக்கும் பதில் வந்துவிட்டது, பையன்களுக்குச் சொல்லியாயிற்று என்று. ஆர்பெய் மட்டும் முகாமில் இல்லை, எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. சொயிலா அவனைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கமே தங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எடில்மா சமைத்தாள். சமைக்காமல் இருந்தால், இவள் முன்கூட்டியே சொல்லியனுப்பிவிட்டாள் என்று புதரில் படுத்திருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆகவே பெரிய பானையிலேயே வைத்தாள்: மாட்டுப் போட்டி, சோளம், கொண்டைக்கடலை, கிழங்கு. ஊரெல்லாம் அப்படித்தான் செய்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூத்தே வாசனை எழுந்தது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாய், தன் பிள்ளை வந்துவிடக் கூடாதே என்று மாதாவை வேண்டிக்கொண்டு அடுப்பைக் கிளறினாள். அப்படி ஒரு அன்னையர் தினத்தை எந்த ஊரும் பார்க்க வேண்டாம்.

எடில்மா பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஆற்றையே பார்த்தாள். ஒவ்வொரு மரக்கட்டை மிதந்து வரும்போதும் அவளுக்கு உயிர் போய் வந்தது. சுடும் சத்தம் ஒன்று, எங்கோ ஒன்று கேட்கப்போகிறது என்று காது முழுவதும் அதற்காகவே காத்திருந்தது. நடுமதியம் மழை பிடித்துக்கொண்டது. புதரிலிருந்து யாரோ ஒரு சிப்பாய் தும்முவது கேட்டது, பாவம், நேற்றிலிருந்து ஈரத்தில் கிடக்கிறான். நான்கு மணிக்கு அவள் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தாள். எப்போதும் பிள்ளை போன பிறகு ஆறியதைத்தான் குடிப்பாள்; இத்தனை வருஷத்தில் அந்தப் பானையிலிருந்து சூடாக அவள் குடித்தது அதுதான் முதல் தடவை. உப்பு சரியாக இருந்தது. அது அவளுக்கு ஏனோ தாங்கவில்லை. பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

சொயிலா புதன்கிழமை காலைதான் சீஸ் மூட்டையோடு வந்தாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். எடில்மா எதையும் கேட்பதற்குள், "உயிரோட இருக்கான்," என்றாள். எடில்மா மாதாவின் பேரைச் சொல்லிச் சுவரில் சாய்ந்தாள்.

"உக்காரு அக்கா. சத்தம் போடாம கேளு. ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் கரும்புக்காட்டு ஓரத்துல பாத்தேன் அவனை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். துப்பாக்கி இல்ல. எங்கடான்னா, புதைச்சிட்டேங்கறான். முகாமை விட்டு வெள்ளிக்கிழமையே வந்துட்டான். உங்கிட்ட வந்து தங்கறதுக்கு."

"தங்கறதுக்கா?"

"ஆமா. பதினஞ்சு நாளைக்கு முன்னாடி, அந்த ரெண்டாவது ஞாயிறு, நம்ம சாவடி காலியாக் கிடந்ததே? அந்தப் பக்கத்துலேர்ந்து எல்லாரும் பாத்திருக்காங்க. பொறி வச்சிருக்கான்னு தலைவன் சொன்னானாம். இவன் மட்டும், 'இல்ல, அங்க யாரோ ஒரு ஆள் நமக்காக நகந்து வழி விட்டிருக்கான்'னு நினைச்சானாம். அன்னைக்கே முடிவு பண்ணிட்டான்."

எடில்மா பின்கதவையும் போய்ச் சாத்திவிட்டு வந்தாள்.

"நான் போய், உங்கம்மா வராதேன்னு சொல்லிட்டாடான்னேன். அப்படியே தரையில உக்காந்துட்டான் அக்கா. கொஞ்ச நேரம் கழிச்சு, 'பானை வச்சிருக்காளா'ன்னு கேட்டான். வச்சிருப்பான்னு சொன்னேன். அவ்வளவுதான் கேட்டான்."

திரும்பவும் முகாமுக்குப் போக முடியாது. துப்பாக்கியைப் புதைத்துவிட்டு ஓடியவனை அவர்கள் என்ன செய்வார்கள் என்று இரண்டு கரைக்கும் தெரியும். இந்தப் பக்கம் வந்தால் நாற்பது பேர். சொயிலாதான் அவனைப் பால் லாரியில் ஏற்றிவிட்டிருக்கிறாள். மரகைபோ ஏரிக்குத் தெற்கே, தனக்குச் சீஸ் கொடுக்கும் பண்ணை ஒன்றில், தன் அக்கா பிள்ளை என்று சொல்லி வேறு பேரில் சேர்த்துவிட்டாள்.

"நாப்பது மாடு. விடியறதுக்கு முன்னாடி எழுப்பிப் பால் கறக்கச் சொல்றாங்கன்னு திட்டறான். முகாமே பரவாயில்லையாம், அங்க அஞ்சு மணிவரை தூங்கலாமாம்." சொயிலா சிரிக்கப் பார்த்தாள். பிறகு எடில்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இது நம்ம ரெண்டு பேரோட போகணும். பட்டாளத்துக்குத் தெரிஞ்சா பிடிச்சு ஜெயில்ல போட்டு டிவியில காட்டுவான். டிவியில பாத்தா அவங்க ஆளு தேடிக்கிட்டு வருவான். உன் மூஞ்சியில சந்தோஷம் தெரியக்கூடாது. தேடிக்கிட்டும் போகக்கூடாது. போன மாசம் எப்படி இருந்தியோ அப்படியே இரு."

"எவ்வளவு நாளைக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

அப்படியே இருந்தாள். ஊர் கேட்டால் கையை விரித்தாள். மறுகரைத் தலைவன் ஆளனுப்பி, உன் பிள்ளை எங்கே என்று கேட்டபோது, "நீங்கதானே கொண்டுபோனீங்க, என்னைக் கேக்கறீங்க, எங்கடா என் பிள்ளை?" என்று தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். வந்தவன் பயந்துபோய்விட்டான். அந்தக் கூச்சலில் பாதி நடிப்பு, பாதி நடிப்பில்லை. பிள்ளை பிழைத்துவிட்டான் என்ற நிம்மதியும் இனி அவனைப் பார்க்க முடியாது என்ற துக்கமும் ஒரே நெஞ்சில் கிடந்து அவளைப் பிய்த்தன.

ஆகஸ்டில் புதிதாக ஒரு கர்னல் வந்தார். ஏழாவது திட்டத்தை மதிப்பிட்டு மூடிவிட்டு எட்டாவதைத் தொடங்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. பள்ளிக்கூடத்தில் மறுபடி ஊர் கூடியது. கர்னல் கெட்ட மனிதரல்ல, அவசரக்காரர். ஒரு பெரிய காகிதக் கட்டைப் புரட்டி, மேஜர் உமான்யா என்ற பேர் வந்த இடத்தில் நிறுத்தினார்.

"இங்க ஒரு பரிசோதனை நடந்திருக்கு. ஒரு நாள் முழுக்கக் காவலை எடுத்திருக்காங்க. அப்படி விலகினா மறுகரைலேர்ந்து ஆளுங்க ஆயுதத்தைப் போட்டுட்டுத் திரும்புவாங்கன்னு அந்த அதிகாரி எழுதியிருக்கார். அவர்மேல விசாரணை நடக்குது. ஏதாவது பலன் இருந்ததுன்னு தெரிஞ்சா அவருக்கு நல்லது, இந்த வழியையும் தொடரலாம். அதனாலதான் கேக்கறேன். ஊர்க்குழுத் தலைவி யாரு?"

எடில்மா எழுந்து நின்றாள்.

"சொல்லுங்க அம்மா. அதுக்கப்புறம் ஒருத்தனாவது வெளிய வந்தானா?"

பின்வரிசையில் சொயிலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடில்மாவுக்கு அந்த மனிதரின் உரிந்த மூக்கும், அகப்பை வந்தபோது நகராமல் நின்ற தலையும் கண்ணுக்குள் வந்தன. முப்பது வருஷத்தில், ஏழு திட்டத்தில், பலித்தது அது ஒன்றுதான். வந்தான், என் பிள்ளை வந்தான், உங்கள் மேஜர் வழி விட்டதைப் பார்த்துத்தான் வந்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனிதர் தப்பிப்பார். மற்ற எட்டுப் பிள்ளைகளுக்கும் வழி திறந்தாலும் திறக்கும். ஆனால் அந்த வார்த்தை காகிதத்தில் ஏறும். காகிதத்தில் ஏறியது என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நாற்பது மாடுகளுக்கு நடுவில் ஒருவன் முணுமுணுத்துக்கொண்டு பால் கறந்துகொண்டிருக்கிறான்.

"இல்லை கர்னல்," என்றாள். "ஒருத்தன்கூட வரலை."

"உங்க மகன்?"

"அங்கதான் இருக்கான்."

கர்னல் தலையசைத்தார், அனுதாபமாகத்தான். பேனாவைத் திறந்து, உமான்யாவின் பேருக்கு நேராகப் பலன் ஏதும் இல்லை என்று எழுதினார். நிதானமான, தெளிவான கையெழுத்து. அவர் எழுதி முடித்துக் கீழே கோடு இழுக்கும்வரை எடில்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உட்கார்ந்தாள். கர்னல் அடுத்த பக்கத்தைத் திருப்பி எட்டாவது திட்டத்தைப் படிக்கத் தொடங்கினார்.